எல்.எம்.பி. தெரியுமா சார்?

உங்கள் பைக்குக்கு எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும்? சட்டென்று சொல்லிவிடுவீர்கள். பி.எஃப். கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது? பைசா சுத்தமாகத் தெரியும். 1999-ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் எத்தனை ரன்னில் தோற்றோம்? பன்னிரண்டு ரன். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பெருமூச்சோடு பதில் வரும்.

சரி, உங்கள் மனைவியின் எல்.எம்.பி. என்ன தேதி?

'அதென்ன சார், காஸ் கனெக்‌ஷன் நம்பரா?'

இல்லை. கடைசியாக மாதவிலக்கான முதல் நாள். மனைவி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்து, ஆபீஸுக்கெல்லாம் அதிரசமும் மிக்ஸரும் கொடுத்து முடித்த பிறகு, சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா நோட்டைப் பிரித்துக் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நம்ம ஆள் உடனே மனைவி பக்கம் திரும்பி, "நீயே சொல்லேன்" என்பார். முகத்தில் அசடு வழியும். நர்ஸம்மா சிரிக்க மாட்டார். ஒரு நாளைக்கு இப்படி நாலு பேரைப் பார்க்கிறவர்.

இந்த ஒரு தேதியில்தான் எல்லாம் தொங்குகிறது. அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி. ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. (அதே தேதியில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பவர்கள் கவனிக்க.) தடுப்பூசி எப்போது, ஸ்கேன் எப்போது, சத்து மாத்திரை எந்த மாதம் துவங்குவது, பிறந்த குழந்தை குறைமாதமா முழுமாதமா என்பது வரை அத்தனைக்கும் அந்தத் தேதிதான் பிள்ளையார் சுழி.

நர்ஸம்மா என்கிறேனே, அவருடைய அதிகாரபூர்வமான பெயர் கிராம சுகாதார செவிலியர். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதி என்றால் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. அப்படித் தமிழ்நாட்டில் 8,000-த்துக்கும் மேல். தன் எல்லைக்குள் யார் யார் உண்டாகியிருக்கிறார்கள், யாருக்கு எத்தனையாவது மாதம், யார் ஊசி போட வரவில்லை, எவர் மாமியார் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப மாட்டேன் என்கிறார் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். நகரத்திலும் இதே வேலையைச் செய்ய நகர்ப்புற செவிலியர்கள் இருக்கிறார்கள். அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் அவர்களைத் தடுத்து நிறுத்தி, "சேல்ஸா?" என்று கேட்கிறார். அதுதான் வித்தியாசம்.

'நாங்கதான் பிரைவேட் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோமே, நமக்கெதுக்கு கவர்ன்மென்ட்?' என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் ஐ.டி. நண்பர்களுக்கு ஒரு தகவல். எங்கே பார்த்தாலும் கர்ப்பத்தைப் பதிவு செய்து ஓர் எண் வாங்கியாக வேண்டும். பிக்மி நம்பர் என்பார்கள், ஆர்.சி.எச். எண் என்பார்கள். 2017 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் எல்.கே.ஜி. இல்லை. எல்.கே.ஜி. இல்லையென்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே ஸ்கூல் அப்ளிகேஷன் வாங்குகிற ஜாதி நாம்.

இந்த எண் வெறும் சர்க்கார் சம்பிரதாயம் அல்ல. தமிழ்நாட்டுப் பெண் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிள்ளை பெறுகிறவளா? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு நடக்கும். கை நிறையக் கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சித்ரான்னம், கார் பிடித்துத் தாய்வீட்டுக்கு. ஆறேழு மாதம் சென்னையில் பார்த்த டாக்டருக்கும் நர்ஸுக்கும் டாட்டா. இனி திருநெல்வேலியில் புது டாக்டர், புது நர்ஸ். கர்ப்பத்தில் ஆபத்து அதிகமாகிற கடைசி மூன்று மாதத்தில், அவளைப் பற்றி ஒன்றும் தெரியாத இடத்துக்கு அவளை அனுப்புகிறோம். பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அம்மா மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிற நேரம் அது. ஆனால் அவளோடு ரத்த வகை, பி.பி., ஹீமோகுளோபின், போன பிரசவம் சிசேரியனா என்ற விவரம் எல்லாம் கூடவே பயணம் செய்ய வேண்டும். அந்த எண் இருந்தால் பாளையங்கோட்டை நர்ஸம்மாவும் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். சர்வர் டவுன் என்றால் கையில் அட்டை வேண்டும். அட்டை எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் சென்னை வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

அட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாதாமாதம் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று தனியாகப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2016-லிருந்து இருக்கிறது. அதில் பச்சை ஒட்டினால் பயமில்லை. சிவப்பு என்றால் ஆபத்து அதிகமுள்ள கர்ப்பம், பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும் என்று அர்த்தம். டிராஃபிக் சிக்னலை மதிக்காதவர்கள்கூட இந்தச் சிவப்பை மதிக்கலாம்.

*

நம் ஆண்களுக்கு நன்றாகத் தெரிந்த பகுதி ஒன்று உண்டு. பணம்.

"சிஸ்டர், அந்தப் பதினெட்டாயிரம் எப்ப வரும்?"

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியவர். அந்த அம்மாளின் பெயரில் 1987-ல் சில நூறு ரூபாயாகத் துவங்கியது. 2006-ல் 6,000. 2011-ல் 12,000. 2018-ல் 18,000. முதலமைச்சர்கள் மாறினார்கள், கட்சிகள் மாறின, எந்த ஆட்சியும் இதை நிறுத்தவில்லை. நம் ஊர் அரசியலில் இது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு, முதல் இரண்டு பிரசவத்துக்குக் கிடைக்கும். மொத்தமாகக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். பரிசோதனைக்கு வந்தால் ஒரு தவணை, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் ஒரு தவணை என்று கொக்கி போட்டுத்தான் தருவார்கள். பணம் மாதக்கணக்கில் தாமதமான காலங்களும் உண்டு. வயிற்றுப் பிள்ளைக்குத் தாமதம் புரியாது.

18,000-த்தில் 14,000 ரொக்கம். மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். சத்துமாவு, இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், பூச்சி மாத்திரை, துண்டு. பெட்டகம் வீட்டுக்கு வருகிற அன்று சாயங்காலம் அந்த நெய் யார் தோசையில் ஊற்றப்படுகிறது, பேரீச்சம்பழத்தை டி.வி. பார்த்துக்கொண்டே யார் காலி செய்கிறார்கள் என்பது பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் வைக்கலாம். பூச்சி மாத்திரையை மட்டும் யாரும் தொடுவதில்லை.

அதே வீட்டில் இன்னொரு பொருளும் இருக்கும். சின்ன டப்பா, உள்ளே சிவப்பாக நாலு நூல். குங்குமப்பூ. ஒரு கிராம் விலையைக் கேட்டால் நமக்கே மசக்கை வரும். நம்ம ஆள் தேடி அலைந்து, 'ஒரிஜினல் காஷ்மீரா?' என்று மூன்று முறை கேட்டு வாங்கிவந்து, தினமும் ராத்திரி பாலில் கலந்து, மனைவி குடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார். எதற்கு? குழந்தை சிவப்பாகப் பிறக்க. அப்பா, அம்மா இரண்டு பேருமே நல்ல மாநிறம். குங்குமப்பூவுக்கு இந்தச் சிக்கல் தெரியாது. அது பால் நிறத்தை மட்டும்தான் மாற்றும்.

அதே சமயம் ஃப்ரிட்ஜுக்கு மேலே, கரண்ட் பில்லுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே, அட்டை அட்டையாக ஒரு மாத்திரை தூசி படிந்து கிடக்கும். நர்ஸம்மா இலவசமாகக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. ஏன் சாப்பிடவில்லை?

"வாயெல்லாம் ஒரு மாதிரி இருக்குங்க."

"மலம் கறுப்பாப் போகுது, பயமா இருக்கு."

"பிள்ளை கறுத்துடும்னு அத்தை சொன்னாங்க."

ஆக, அந்த வீட்டில் இரண்டு மருந்து. ஒன்று பல ஆயிரம், ஒன்றுக்கும் உதவாது. இன்னொன்று இலவசம், உயிர் காக்கும். எதை ஆண்பிள்ளை மேற்பார்வையில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

மாத்திரை மேட்டரில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் இங்கேதான் கோட்டை விடுகிறோம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை, மாத்திரை போதாது, ஊசிமூலம் இரும்போ, ரத்தமோ ஏற்ற வேண்டும். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல சர்வேயில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 100-க்கு 48 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய சர்வேயில் 44. அதாவது, ஆஸ்பத்திரியில் பிரசவம் கிட்டத்தட்ட 100 சதவீதம் என்று மார் தட்டிக்கொள்கிற மாநிலத்தில், இந்த ஒரு எண் இறங்க மறுக்கிறது. சர்க்காரால் மாத்திரையை வீடு வரைக்கும்தான் கொண்டுவர முடியும். ஃப்ரிட்ஜ் மேலிருந்து வாய் வரை இருக்கிற ஆறடி தூரத்துக்கு ஸ்கீம் கிடையாது.

இதில் என்ன அப்படி ஆபத்து? நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. குழந்தை பிறந்து, நஞ்சு வெளியே வந்ததும் கர்ப்பப்பை இறுக்கமாகச் சுருங்கி அந்தக் குழாய்களை மூடிவிட வேண்டும். சுருங்கவில்லை என்றால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. வேகமாகப் பெருகினால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். உடம்பில் ரத்தம் உள்ள பெண் ஓரளவு தாக்குப்பிடிப்பாள். ஏற்கெனவே 7, 8-ல் ஓடிக்கொண்டிருக்கிறவளுக்கு அந்த அவகாசம் இல்லை. ஆறு மாதம் முன்னால் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த மாத்திரை அப்போது நினைவுக்கு வந்து பிரயோஜனமில்லை.

நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிறந்த பிறகும் 180 நாள். காபி, டீ, பால் கூடவே சாப்பிட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். கும்பகோணம் டிகிரி காபி ஓடிவிடாது. கால்சியம் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், அதை வேறு வேளையில். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய், ஆரஞ்சு கூட இருந்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் மாத்திரை வேலை செய்கிற ஜோரில் போகிறது, அவ்வளவுதான். பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது.

இனிப்பான சமாசாரம் ஒன்று. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-க்கு மேல் போனால் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் இதில் விசேஷம். இந்தச் சுலபமான முறையைப் பரப்பியவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் நாடு முழுக்கக் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். கிராமத்துப் பெண்ணை, காலையில் பட்டினியாகப் பஸ் ஏறி வா என்று சொன்னால் வர மாட்டாள் என்பதைப் புரிந்துகொண்ட டாக்டர். அந்த இரண்டு மணி நேரம் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள், வாந்தி வருகிற மாதிரி இருக்கும். நீங்கள் 'ஒரு சின்ன வேலை' என்று கிளம்பாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

*

இப்போது கொஞ்சம் கசப்பான கணக்கு.

2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். இந்திய சராசரி அப்போது 301. 2018-20-ல் நம் எண் 54 ஆகவும், இந்திய எண் 97 ஆகவும் குறைந்தன. நல்ல முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் 54-ஐ அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 லட்சம் குழந்தைகள் பிறந்தன. பெருக்கிப் பாருங்கள். பத்து பஸ் நிறையப் பெண்கள். எல்லாரும் இருபது, முப்பது வயது. பத்து பஸ் ஒரே நாளில் கவிழ்ந்திருந்தால் பேப்பரில் எட்டுக் காலம் தலைப்பு வந்திருக்கும். ஒவ்வொருவராகப் போவதால் செய்தி இல்லை.

அரசாங்கம் இதற்கு ஒரு வேலை செய்தது. 1990-களிலிருந்து ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் கணக்கில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பிறகு, இறந்தவரின் உறவினரையே கூப்பிட்டு, டாக்டர், நர்ஸ் எல்லாரையும் வைத்துக்கொண்டு, கலெக்டர் தலைமையில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்கிற முறை வந்தது. யாரைத் தண்டிப்பது என்பதற்கல்ல, எங்கே நேரம் போயிற்று என்று கண்டுபிடிக்க. எத்தனை மணிக்கு வலி வந்தது? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? வண்டி எப்போது வந்தது? முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள்? மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு.

1994-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு பெண்கள் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். தாய்மார் இறப்பதற்குக் காரணம் மூன்று தாமதங்கள். போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற தாமதம். போய்ச் சேருகிற தாமதம். போன இடத்தில் சிகிச்சை கிடைக்கிற தாமதம்.

மூன்றாவது தாமதத்துக்குத்தான் ராத்திரி பகல் எந்நேரமும் ஆபரேஷன் செய்யத் தயாராக இருக்கும் 'சீமாங்' மையங்கள் அரசு மருத்துவமனைகளில் வந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸுகளைப் போட்டு 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். இரண்டாவது தாமதத்துக்கு 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ். அதற்கு முன்னால் ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் ஊரில் யாரிடம் அம்பாசிடர் இருக்கிறது, அவர் நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறாரா என்று யோசிக்க வேண்டும்.

முதல் தாமதம்? அது உங்கள் வீட்டு ஹாலில் நடக்கிறது. அங்கே கலெக்டர் வர முடியாது.

"தலைவலிதானே, அமிர்தாஞ்சன் தடவிக்கோ."

"கால் வீங்கினா ஆம்பளைப் பிள்ளைனு எங்க பாட்டி சொல்லும்."

"ராத்திரி நேரம், ராகு காலம் வேற வருது, காலைல பார்த்துக்கலாம்."

நிறைமாதத்துக்காரி தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்றாலோ, கண் மங்குகிறது, மேல் வயிறு வலிக்கிறது என்றாலோ, முகம் வீங்கியிருந்தாலோ, பி.பி. 140/90-ஐத் தாண்டியிருந்தாலோ, அடுத்து வரப்போவது வலிப்பாக இருக்கலாம். பாட்டிமார்கள் 'பிரசவ ஜன்னி' என்று பயந்தார்களே, அதுதான். துளி ரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், வயிற்றில் குழந்தை வழக்கம்போல் துள்ளவில்லை என்று அவள் சொன்னாலும் அதே கதைதான். காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு குரல், 'கிளம்பு' என்று சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்தப் பெண்ணுக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் இல்லை. மாமியாருக்கு இருக்கிறது. உங்களுக்கு இருக்கிறது. போன முறை அம்மாவை எதிர்த்து நீங்கள் எப்போது பேசினீர்கள் என்று நினைவிருக்கிறதா? மோதிரம் எத்தனை பவுன் என்ற விஷயத்தில்கூடப் பேசியிருக்க மாட்டீர்கள். இதில் பேசலாம். ஃபோனை எடுத்து 108 அடித்துவிட்டுப் பேசினால் இன்னும் சுலபம்.

அப்புறம், ரத்தம். ஆபீஸில் கிரிக்கெட் டீம் இருக்கிறது, டூர் குரூப் இருக்கிறது. யார் யார் என்ன குரூப் ரத்தம் என்று ஒரு லிஸ்ட் இருக்கிறதா? வருடத்தில் மூன்று நாலு முறை தாராளமாகக் கொடுக்கலாம். எங்கோ ஒரு பிரசவ வார்டில் பெயர் தெரியாத ஒருத்திக்குப் போகும்.

*

குழந்தை பிறந்தாயிற்று. எல்லாரும் சுபம் போட்டு எழுந்து போகிற இடம் இது. ஆனால் 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கிற 1,000 குழந்தைகளில் 13 முதல் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. (இந்தியாவில் 28.) அதில் பெரும்பான்மை முதல் 28 நாளுக்குள்.

அந்த முதல் நாளில் நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கிற கூத்து இருக்கிறதே! முதலில் சேனை வைக்க வேண்டும். குடும்பத்தில் நல்ல குணம் உள்ளவராகப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினால் அந்தக் குணம் வந்துவிடுமாம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு வைத்தவர் யார் என்று விசாரிக்க வேண்டியிருக்கும். அடுத்து, தெருவில் கழுதையோடு வருகிறவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால். பிறகு மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய். இத்தனையும் செய்துவிட்டு, தாயின் முதல் பால், மஞ்சளாகக் கெட்டியாக வருகிறதே, சீம்பால், அதைப் பீய்ச்சிக் கொட்டுவார்கள். அதில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி அவ்வளவும் இருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று நர்ஸம்மா நாலு முறை சொல்லியிருப்பார்.

இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. அதற்கு முதல் எதிரி குளிர். நம் ஊர் மே மாதத்தில் ஏது குளிர் என்கிறீர்களா? அதன் உடம்பில் கொழுப்பே இல்லை, நமக்கு வியர்க்கிற அறையில் அது விறைத்துப்போகும். அதனால் இன்குபேட்டர் வைப்பார்கள். இன்குபேட்டர் போதாமல் போனால்?

போதாமல் போனது, தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில். 1978. ஏழைகளின் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரே இன்குபேட்டரில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றுக்குத் தொற்று வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். எட்கர் ரே என்ற டாக்டர் யோசித்தார். குட்டியை வயிற்றுப்பையில் வைத்து வளர்க்கிற கங்காருவிடம் இன்குபேட்டரா இருக்கிறது? குழந்தையைத் தாயின் வெற்று மார்பில், தோலோடு தோலாக, செங்குத்தாகக் கட்டிவைத்தார். அவரும், சக டாக்டர் ஹெக்டர் மார்ட்டினஸும் தொடர்ந்து செய்தார்கள். உலகம் முதலில் நம்பவில்லை, ஏழை நாட்டு வைத்தியம் என்றது. 2021-ல் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆராய்ச்சி முடிவு வந்தது. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடம்பு தேறும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இப்படி மார்பில் வைத்தால், முதல் 28 நாளில் இறப்பது 100-க்கு ஏறக்குறைய 16-லிருந்து 12-ஆகக் குறைந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு மற்ற குழந்தைகளுக்கு இதை மறுப்பது தர்மமில்லை என்று ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாளில் குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் நாள் முழுக்க வைக்க வேண்டும். ஆபரேஷன் ஆன பெண் எத்தனை மணி நேரம் அப்படியே சாய்ந்து கிடப்பாள்? ஷிஃப்ட் மாற்ற ஆள் வேண்டும். பாட்டி செய்யலாம். அப்பாவும் செய்யலாம். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் உறவினரைத்தான் விடுகிறார்கள், உங்களுக்கு வராந்தா. ஆனால் இந்த வேலைக்கு ஆண்பிள்ளை தாராளமாகப் போதும். இத்தனை வருஷம் பரோட்டாவும் பீஃப்ரையுமாக வளர்த்த உடம்புச் சூடு முதல் முறையாக ஒருவருக்குப் பிரயோஜனப்படுகிறது.

லீவு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. இரண்டு குழந்தை வரை. தனியார் கம்பெனியில் மனைவிக்கு 2017 முதல் 26 வாரம். கணவனுக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் கிடையாது. எச்.ஆர். மனசு வைத்தால் ஐந்து நாள், வைக்காவிட்டால் 'கங்க்ராட்ஸ்' என்று ஒரு மெயில். ஒரு கிலோ குழந்தையின் அப்பா மூன்றாம் நாள் ஆபீஸில் எக்ஸெல் ஷீட் போட்டுக்கொண்டிருப்பது எந்தக் கணக்கில் நியாயம் என்று தெரியவில்லை.

எப்படியோ லீவு வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளித்துவிட்டு, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சென்ட் அடிக்க வேண்டாம். வாட்ச், மோதிரம், மைனர் செயின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சட்டை இல்லாமல் சாய்வு நாற்காலியில் உட்காருங்கள். குல்லாவும் நாப்கினும் மட்டும் போட்ட ஒரு கிலோ குழந்தையை நர்ஸ் உங்கள் மார்பில் வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டுவார். கனமே இருக்காது. கொஞ்ச நேரத்தில் அது உங்கள் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்க ஆரம்பிக்கும். இரண்டு மணி நேரம் அசையக் கூடாது. செல்ஃபோனை முன்கூட்டியே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள். மேனேஜர் கூப்பிட்டால் அவரே எடுத்து, "சார் மேல் பாப்பா தூங்குது, அப்புறம் கூப்பிடுங்க" என்று சொல்லிக்கொள்வார்.